ஒச்சம்மாளின் பித்தளை வால்வும் ஏழு நாள் சட்டமும்

மாலை நேரத்துக் கூட்டத்துக்கு மாண்பு சேர்க்க மாலையும் கழுத்துமாய் வீற்றிருக்கும் தலைவர், மேட்டுப்பேட்டை நகர நலச் சங்கத்தின் நாயகர், கடலை மண்டி பொம்மையன் அவர்களே! மேடையில் மூன்றே நாற்காலி இருப்பதால் முன்வரிசையில் அமர மனமிரங்கிய அதிகாரப் பெருமக்களே! சட்டத்தை ஆக்கியவர்களே! சட்டத்தைக் காப்பவர்களே! சட்டத்துக்குத் தப்பியவர்களே! வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இவன் எப்போது முடிப்பான் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! பூக்கூடையை இறக்கிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோல் பதனிடும் ஷாப்பிலிருந்தும் பூட்டுப் பட்டறையிலிருந்தும் கைகூடக் கழுவாமல் வந்து நிற்கும் என் தோழர்களே! அந்த வேப்பமரத்தடியில் நின்று, நான் தும்மினாலும் விடாமல் குறிப்பேட்டில் எழுதும் காவல்துறை அன்பரே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பூட்டுக்காரன் நல்லுசாமியின் பணிவான வணக்கம்.

இன்று என்ன விழா? பழைய இரும்பு, பித்தளை வியாபாரச் சட்டம் நம் ஊருக்கு வந்து ஓராண்டு நிறைந்த விழா. எனக்கு இட்ட தலைப்பு என்ன? 'சட்டம் வந்தது, திருட்டு ஒழிந்தது.' தலைப்பை அவர்களே எழுதி, முடிவையும் அவர்களே எழுதி, நடுவில் நாற்பது நிமிடம் பேச மட்டும் என்னை அழைத்திருக்கிறார்கள். மைக் செட்டும் கொடுத்து, கைத்தறித் துண்டும் போர்த்தி, சோடாவும் உடைத்து வைத்திருக்கிறார்கள். இத்தனை செய்தவர்களை ஏமாற்றலாமா? புகழ்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மூன்றே மூன்று சொல்கிறது. பழைய சாமான் வாங்கும் கடைக்காரர் ஒரு நோட்டு வைக்க வேண்டும். விற்பவன் பெயர், தகப்பன் பெயர், ஊர், கைரேகை அத்தனையும் அதில் ஏற வேண்டும். வாங்கிய சாமானை ஏழு நாள் உடைக்காமல், உருக்காமல், கை மாற்றாமல் வந்தபடியே வைத்திருக்க வேண்டும். களவு கொடுத்தவர் வந்து அடையாளம் காண்பதற்காக அந்த ஏழு நாள். நல்ல சட்டமா இல்லையா? நல்ல சட்டம்தான் ஐயா! படித்தபோது என் கண்ணே கலங்கியது. இப்படி ஒரு சட்டம் எழுதியவர் வாழ்நாளில் ஒரு திருடனையும் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு அன்றே தெரிந்தது.

முதலில் நோட்டைப் பார்ப்போம். பேட்டையில் ஒரு கடை. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், கடைக்காரர் நாலாவது வரிசையில் இருக்கிறார். அவர் நோட்டை நான் கண்ணாரக் கண்டேன். தை மாதம் இரண்டாம் தேதி வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா ஒன்று. விற்றவர் ராமர், தகப்பனார் தசரதன், ஊர் அயோத்தி. பத்தாம் தேதி கிணற்றுக் கப்பி ஒன்று. விற்றவர் லட்சுமணன், தகப்பனார் தசரதன், ஊர் அயோத்தி. மாசி மாதம் அண்டா இரண்டு, விற்றவர் பரதன். சிரிக்கிறீர்களே! ஒவ்வொரு மாதமும் நோட்டைப் பார்வையிட வந்தவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'பார்வையிடப்பட்டது, சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு குடும்பமே இத்தனை சாமான் விற்கிறதே, அரண்மனையில் என்ன கஷ்டமோ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

அடுத்து அந்த ஏழு நாள். சட்டம் வருவதற்கு முன்னால் திருட்டுச் சாமான் எங்கே கிடக்கும்? கடை வாசலில் மழையிலும் வெயிலிலும் ஒரு மாதம் கிடக்கும். களவு கொடுத்தவர் நாலு கடை ஏறி இறங்கினால், 'இந்தா, இது என் வீட்டுக் குடமப்பா' என்று கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். சட்டம் வந்தது. ஏழு நாள் வைத்திருந்தால்தானே வம்பு? வைக்காவிட்டால் வம்பில்லை! முன்பு மாதக் கணக்கில் கிடந்த பித்தளை இப்போது மணிக் கணக்கில் உருகுகிறது. காலையில் காணாமல் போன குடம் மத்தியானத்துக்குள் கட்டியாகிவிடுகிறது. திருட்டை விரைவுபடுத்திய சட்டம் என்று நான் இதைப் புகழ்ந்தால் தலைவர் அவர்கள் கோபிப்பாரா? கோபிக்கிறார். பார்த்தீர்களா, சோடாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

சட்டம் பழனிப் பக்கமும் போயிற்று. தொப்பம்பட்டியில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர். இரும்பைப் போட்டால் பேரீச்சம்பழம் கொடுப்பார். பேரீச்சம்பழம் வராத நாளில் ஆயக்குடிக் கொய்யா கொடுப்பார். அவரை மடக்கி, 'நோட்டு எங்கே?' என்று கேட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க, சட்டம் விலைக்கு வாங்கறவங்களுக்குத்தானுங்க? நானெங்கீங்க வாங்கறேன்? நான் பழம் குடுக்கறனுங்க. அவங்க பிரியப்பட்டு இரும்பு குடுக்கறாங்க."

வந்தவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பழத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பிறகு ஆளுக்கு இரண்டு கொய்யா வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பதிலுக்கு இரும்பு கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

'உண்மை, உண்மை' என்று அங்கே ஒரு தோழர் குரல் கொடுக்கிறார். மெதுவாகச் சொல்லுங்கள் ஐயா. வேப்பமரத்தடியில் பேனா ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் தலைவர் அவர்கள் தம் உரையில் ஒரு கணக்குச் சொன்னார். போன ஆண்டைவிட இந்த ஆண்டு உலோகத் திருட்டுப் புகார் பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தக் கணக்கு பொய்யா? மெய்! சத்தியமாய் மெய்! புகார் குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது? அதைச் சொல்லத்தான் அன்பர்களே, இந்த மேடையில் நான் ஏறினேன். இனிமேல் கொஞ்சம் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு கேளுங்கள்.

குஜிலியம்பாறை ரோட்டில், மழையை நம்பி மண் கிடக்கிற பக்கத்தில், ஒரு கிராமம். அங்கே ஒச்சம்மாள் என்று ஒரு தாய். கணவர் இல்லை. ஒரு கிணறு, அரைக் காணி கனகாம்பரம், ஓரத்தில் நாலு வரிசை கத்தரி, அவ்வளவுதான் அவர் உலகம். கம்பத்தில் கரண்டு வந்ததும் அந்த ஊரிலேயே முதலாவதாக மோட்டார் வைத்தவர் அவர்தான். மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டார்க் குழாயின் அடியில், கிணற்றுத் தண்ணீருக்குள், பித்தளையில் ஒரு வால்வு இருக்கும். ஏறிய தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அது இல்லையென்றால் மோட்டார் நாள் முழுக்கச் சுற்றும், ஒரு சொட்டு ஏறாது.

வால்வு வாங்கிய அன்று அந்த அம்மாள் நேரே நம் பாத்திரக் கடைத் தெருவுக்குப் போனார். குடத்திலும் தூக்கிலும் பெயர் வெட்டிக் கொடுக்கும் ஆசாரி இருக்கிறாரே, அவர் முன்னால் வால்வை வைத்தார்.

"குடத்துல வெட்டுற மாதிரி இதுலயும் எம் பேர வெட்டுங்க."

ஆசாரி சிரித்தார். "கெணத்துக்குள்ள கெடக்குற சாமானுக்குப் பேரு எதுக்கு ஆத்தா? மீனு படிக்கவா?"

"மீனு படிச்சா படிக்கட்டும். களவாங்குறவனும் படிக்கட்டும்."

ஆசாரி பெயரை வெட்டினார். கை பழக்கம் விடுமா? கல்யாணச் சீர்க் குடத்துக்குப் போடுகிற பூவையும் கொடியையும் பெயரைச் சுற்றிப் புள்ளி புள்ளியாய்ப் போட்டுவிட்டார். பூங்கொடிக்கு நடுவே ஒச்சம்மாள்! இந்தத் திண்டுக்கல் சீமையிலேயே சீர்க் குடம் போலச் சிங்காரித்த வால்வு அது ஒன்றுதான். ஊரே சிரித்தது. அந்த அம்மாள் கவலைப்படவில்லை.

பங்குனியில் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கியது. படி வழியாகத் திருடனும் இறங்கினான். வால்வு போயிற்று. ஒச்சம்மாள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் சுமந்து செடிக்கு ஊற்றினார். அரைக் காணிக்கு எத்தனை குடம் என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

அந்த வால்வு வந்து சேர்ந்த இடம் கிதர் முகம்மது பாயின் கடை. பேட்டைக்குப் பின்னால், புளியமரத்தை ஒட்டி, பழைய இரும்பு வாங்கும் சின்னக் கடை. இந்த ஊரிலேயே சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர். வால்வைத் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்தது.

"இது யாரு சாமான்?"

"எங்க அத்தை சாமான் பாய். பழசாப் போச்சுன்னு குடுத்துவிட்டாக."

பாய்க்கு விளங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்? ஒன்று, வாங்கி உருக்குவார்; அல்லது, எனக்கெதற்கு வம்பு என்று விரட்டுவார். இவர் வாங்கினார். பெயர் எழுதினார், ஊர் எழுதினார், கைரேகை வாங்கினார். ஏன் வாங்கினீர்கள் என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"நா வேண்டாம்னா அவன் அடுத்த கடைக்குப் போவான் தம்பி. பொழுது சாயறதுக்குள்ள உருகிப் போயிரும். பேரு வெட்டி வச்சிருக்கு, யாரோ ஒரு பொம்பளை ஆசையா வச்சது. எங்கிட்ட இருந்தா அந்தம்மாவுக்குக் கெடைக்கும்ல?"

குஜிலியம்பாறை பஸ்ஸில் பூக்கூடை ஏற்றி வரும் பெண்களிடமெல்லாம் 'ஒச்சம்மாள் யாரம்மா' என்று விசாரித்தார். மூன்றாம் நாள் ஒச்சம்மாளே வந்து நின்றார். வால்வைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். பாய் வால்வைக் கொடுத்தார். நோட்டில் அந்த அம்மாளின் கைரேகையையும் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே கனகாம்பரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இன்றைக்குத் தலைவர் கொடுத்த தலைப்பிலேயே பேசியிருப்பேன்! ஆனால் ஒச்சம்மாள் ஒரு தப்புச் செய்தார். நம் பக்கத்து மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சாமான் கிடைத்துவிட்டது, இனி அவர்கள் வீணாக அலையக் கூடாதே என்று, பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். "கெடச்சிருச்சுய்யா. நீங்க தேட வேணாம்." வெறுங்கையோடு போகக் கூடாது என்று இரண்டு முழம் பூவும் கொண்டு போயிருந்தார்.

அவர்கள் தேடத் தொடங்கியதே அப்போதுதான்! எங்கே கிடைத்தது? பாய் கடையில். கொண்டு வா நோட்டை! நோட்டு வந்தது. அச்சடித்த மாதிரி எழுத்து. எழுதாத கடைகளில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? எழுதிய கடையில் கண்டுபிடித்தார்கள். ஏழு நாள் வைத்திருக்க வேண்டிய சாமானை மூன்றாம் நாளே கை மாற்றியது குற்றம். யாருக்குக் கை மாற்றினார்? உடைமைக்காரிக்கு! ஐயா, அந்த ஏழு நாளே உடைமைக்காரி வரட்டும் என்றுதானே? வந்துவிட்டாளே! 'வந்தது மூன்றாம் நாள். சட்டம் ஏழு நாள்.' நாலு நாள் முன்னால் வந்தது ஒச்சம்மாளின் குற்றமா, அவரைக் காக்க வைக்காதது பாயின் குற்றமா?

ஓராண்டில் இந்தச் சட்டத்தின்கீழ் நம் ஊரில் போடப்பட்ட வழக்கு எத்தனை? ஒன்று. குற்றவாளி யார்? திருட்டுச் சாமானை உரியவரிடம் திருப்பிக் கொடுத்த கிதர் முகம்மது. திருடனின் கைரேகை இருந்ததே, அவனைப் பிடிக்கவில்லையா? அவன் வெளியூர் போய்விட்டானாம். பாய் உள்ளூரிலேயே இருக்கிறார், பிடிக்க வசதி. கடைக்கு சீல் வைத்தார்கள். போன வாரம் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி ஜெய்தூன் பீவி சொன்னார்: "தெனமும் காலைல கெளம்பிப் போறாரு. பூட்டுன கடை முன்னால செத்த நேரம் நின்னுட்டு வந்துர்றாரு." அந்தக் கடையில் தொங்குகிற பூட்டை நான் போய்ப் பார்த்தேன். என் பட்டறையில் செய்த பூட்டு. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதோடு விட்டார்களா? வழக்குக்குச் சாட்சிப் பொருள் வேண்டுமே! கிராமத்துக்குப் போனார்கள், கிணற்றில் இறங்கினார்கள், வால்வைக் கழற்றினார்கள். திருடன் இறங்கிய அதே படி வழியாகத்தான் இறங்கினார்கள். ஒரே வித்தியாசம், இவர்கள் ரசீது கொடுத்தார்கள். திருடனிடம் அந்த வால்வு மூன்று நாளும் இல்லை. சட்டத்திடம் இன்றோடு நாற்பத்தொரு நாள்! இரண்டு வாய்தா ஆகிவிட்டது; கோர்ட்டில் வால்வைக் கேட்டால், இரண்டு தடவையும் 'அறையில் தேடிக்கொண்டிருக்கிறோம்' என்றார்கள். கனகாம்பரம் காய்ந்து சருகாகிக் கிடக்கிறது. கத்தரியை ஆட்டுக்கு விட்டாயிற்று. மறுபடி தண்ணீர் பாய்ந்தால் வேர் தப்பும். இன்னும் பத்து நாள் போனால் அதுவும் இல்லை. ஒச்சம்மாள் என்னிடம் சொன்னார்: "இனிமே வீடே களவு போனாலும் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன் சாமி." கேட்டீர்களா தலைவரே? இதுதான் உங்கள் கணக்கு. புகார் பாதியாகக் குறைந்த கதை இதுதான்.

துண்டுச் சீட்டு வருகிறது. 'சுருக்கமாக முடிக்கவும்' என்று தலைவர் எழுதியிருக்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. ஒரே ஒரு குற்றவாளி பாக்கி இருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

நம் ஊர்ப் பூட்டு நாடெங்கும் தொங்குகிறது. அந்தப் பூட்டுக்குள் இருக்கும் பித்தளை எங்கிருந்து வருகிறது? மூட்டை மூட்டையாகப் பட்டறைக்கு வருகிறது. பட்டறை 'கடை' இல்லை. ஆகவே சட்டம் எங்களைத் தொடாது. நோட்டு வேண்டாம், ரேகை வேண்டாம். கொண்டு வருகிறவன், "எல்லாம் பழசுதாண்ணே" என்பான். நானும் தலையாட்டுவேன். இருபத்திரண்டு வருடமாகத் தலையாட்டியிருக்கிறேன். அந்த மூட்டைகளில் பெயர் வெட்டிய பித்தளை வந்ததில்லையா? வந்தது. ராமுத்தாய் வந்திருப்பாள். பேச்சாயி வந்திருப்பாள். அய்யம்மாள் வந்திருப்பாள், ஆனந்தமேரி வந்திருப்பாள், நர்கீஸ் வந்திருப்பாள். தாய்மார்களே, உங்கள் பெயர்களை நான் உருக்கியிருக்கிறேன். நான் படித்துப் பார்க்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும், இருந்தும் படிக்கவில்லை. சட்டமும் நோட்டும் ரேகையும் திருடனைத் தடுக்காது ஐயா. 'இது யாரு சாமான்?' என்று வாங்குகிறவன் கேட்கிற அந்த ஒரு கேள்விக்குத்தான் திருடன் பயப்படுவான். அதைக் கேட்ட ஒரே மனிதரின் கடையைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம். கேட்காத நான் மேடையில் துண்டு போர்த்திக்கொண்டு நிற்கிறேன்.

முந்தாநாள் காலை ஒரு மூட்டை வந்தது. "எல்லாம் பழசுதாண்ணே." தலையாட்டினேன். கொட்டினேன். உருக்கும் மூசையில் போடக் கையில் எடுத்த சாமான் ஒன்று விரலில் உறுத்தியது. புள்ளி புள்ளியாய்ப் பூவும் கொடியும். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன்.

தலைவரே, பதறாதீர்கள். இந்தத் துணிப் பையில் இருப்பது வெடி இல்லை. இதோ! எல்லோரும் பாருங்கள்! வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுகிறேன், பெயர் தெரிகிறதா? சத்தமாகப் படியுங்கள்! ஆம், ஒச்சம்மாள்! ஏழு நாள் சட்டத்தின் ஒரே சாட்சிப் பொருள். காகிதத்தின்படி இது இந்த நிமிடம் பத்திரமான காவலில், பூட்டிய அறைக்குள் இருக்கிறது! இரண்டு வாய்தாவிலும் 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்றார்களே, அந்தப் பொருள் இது. எந்த அறை, யார் சாவி என்று நான் சொல்லப் போவதில்லை. முன்வரிசையில் சில துண்டுகள் வியர்வை துடைக்கின்றன, அது போதும்.

ஒச்சம்மா! மூணாவது வரிசையில உக்காந்திருக்கீகளே, எந்திரிச்சு வாங்க ஆத்தா. பயப்படாதீக. வழி விடுங்கள் அன்பர்களே! இந்தாங்க. உங்க சாமான். ரெண்டு கையாலயும் பிடிங்க.

வேப்பமரத்தடி நண்பரே, எழுதிக்கொள்ளுங்கள். தேதி போடுங்கள். திருட்டுச் சாமானை ஏழு நாள் வைத்திருக்காமல், மூன்றாம் நாளே உடைமைக்காரியிடம் பூட்டுக்கார நல்லுசாமி கை மாற்றினான். கிதர் முகம்மது செய்த அதே குற்றம். சாட்சிகள் ஐந்நூறு பேர்! நாளைக் காலை பத்து மணிக்குப் பாயின் வழக்கு. அவர் பக்கத்தில் நிற்க நான் வருகிறேன். நீங்கள்? கை தட்ட வேண்டாம், கையைத் தூக்குங்கள்! அம்மாடி... தாய்மார் பக்கம் ஒரு கைகூடக் கீழே இல்லையே! நோட்டில் இத்தனை ரேகைக்கும் இடம் இருக்கிறதா என்று நாளைக்குப் பார்த்துவிடுவோம்.

தலைவர் அவர்கள் போர்த்திய துண்டை மடித்து நாற்காலியில் வைத்திருக்கிறேன். அதைக் கிதர் முகம்மது பாய்க்கு அவர் கையாலேயே போர்த்தும் நாள் வரட்டும். உடைத்து வைத்த சோடாவுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், ஒன்று விடாமல் எழுதிக்கொண்ட நண்பருக்கும் நன்றி. குஜிலியம்பாறைக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு. அந்த அம்மாளை முன்னால் போகவிடுங்கள், செடி காத்துக்கொண்டிருக்கிறது. வணக்கம்!